வெள்ளையடித்த திரை

1

ஊஊஊஊஊ...

சைரன் அலறியது. சாரி-பெல் கணவாயில், மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. சாலையின் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகள் தாமாக இறங்கின. அறுபத்து மூன்று லாரிகள், நான்கு மினிபஸ்கள், ஒரு கல்யாணக் கோஷ்டி, குதிரை ஏற்றிய வண்டி ஒன்று, எல்லாம் ஐந்து மணி நேரம் நின்றன. பனிச்சரிவு வரப்போகிறது என்று அத்தனை பேரும் அண்ணாந்து மலையைப் பார்த்தார்கள். ஒரு கைப்பிடிப் பனிகூட விழவில்லை. கல்யாணப் பெண்ணுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மொத்தச் சேதம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலிக் கோப்பிலிருந்து வந்தது. மேலே நீங்கள் படித்தது நான் எழுதிய ஏழாவது ஆரம்பம். மற்றவற்றில் சில:

முதல் ஆரம்பம்: "பனி போர்த்திய சிகரங்களின் மடியில் அமைந்திருந்தது அந்த எழில்மிகு..." கைவிட்டேன். பதினெட்டு வருடமாக இந்த மலைநாட்டின் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிறேன். இங்கே யாரும் சிகரத்தை எழில்மிகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. வழி திறந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவது ஆரம்பம்: "ஜாவா நிரலில் லாக் வராவிட்டால் நாம் முதலில் பார்க்க வேண்டியது..." பத்திரிகை ஆசிரியர் இதைப் படித்தால் என் துப்பறியும் தொடரையே நிறுத்திவிடுவார்.

ஐந்தாவது ஆரம்பம்: "திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் தொலைபேசி..." இது வேண்டாம். கதைக்குத் தேவையில்லை.

2

கதைக்குத் தேவை ஒரு பெண். பெயர் புருல்சா. வயது ஐம்பத்தாறு. கணவாய்ச் சாலை நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் முழுக்க வேலை, மூன்று நாள் ஓய்வு. மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் சைரன் ஊதும், கட்டைகள் இறங்கும். யாரும் அமுக்காமலே, மலையில் நட்டிருக்கும் பதினோரு உணரிகளில் ஏதாவது ஒன்று அதிர்ந்தாலும் அதே சைரன், அதே கட்டை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே மூத்தவளை 'எஜே' என்பார்கள். நான் அக்கா என்றே எழுதப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.)

வெள்ளிக்கிழமை மாலை, அங்கே ஓடும் கணினி நிரலைச் சோதிக்க நான் அந்த அறைக்குள் நுழைந்தபோது நிலையத் தலைவர் ஜோல்சுபெக் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெரிசா எழுதலை அக்கா. 'தேநீர்க் கிண்ணத்தை எடுக்கும்போது என் கை தவறுதலாகப் பொத்தானில் பட்டுவிட்டது.' அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்து."

"இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"என் கை எங்க பட்டுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்ப சாப்பிடப் போயிருந்தீங்கல்ல?"

"சும்மா ஒரு விளக்கக் கடிதம். மேலேருந்து கேக்கறாங்க. நின்ன லாரிக்காரங்க எல்லாம் புகார் எழுதிட்டாங்க. கல்யாண வீட்டுக்காரங்க தனியா ஒண்ணு எழுதியிருக்காங்க."

"காலையிலேருந்தே அன்னிக்கு..."

"அதெல்லாம் இதுல வேண்டாம்க்கா. இடமில்ல. ஒரு பக்கம்தான்."

"போட மாட்டேன்."

ஜோல்சுபெக் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

"இதோ, சபாபெக் வந்துட்டார். கம்ப்யூட்டரே சொல்லட்டும்." (என் பெயர் சபாபதி. பதினெட்டு வருடத்தில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை இவர்களே தைத்துக் கொடுத்தார்கள்.) "திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு வருது. லாக்கை அச்செடுத்து மேஜைல வைங்க. உணரி ஊதிச்சுன்னு இருந்தா அக்கா வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கட்டும். பொத்தான்னு இருந்தாலோ, ஒண்ணுமே இல்லன்னாலோ, இந்தத் தாள்தான். இதுல கையெழுத்து இல்லன்னா வேலை நீக்கம்."

"கையெழுத்து இருந்தா?" என்றேன்.

"அப்பவும் இந்த மேஜைல உக்கார முடியாது. ஆனா மரியாதையா அனுப்புவோம்."

லாக் என்றால் என்ன என்று கேட்கும் வாசகருக்கு: ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது தான் செய்வதையெல்லாம் நேரம் போட்டு வரிவரியாக எழுதி வைக்கும் கோப்பு. இன்ன மணிக்கு இன்ன உணரி அதிர்ந்தது, இன்ன மணிக்குப் பொத்தான் அமுக்கப்பட்டது. அது பொய் சொல்லாது. ஆனால் வாயை மூடு என்று சொன்னால் மூடிக்கொள்ளும்.

வியாழக்கிழமைக்கு லாக் இல்லை. புதனுக்கும் இல்லை. கடைசி வரி திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு எழுதப்பட்டிருந்தது. அதன்பின் கோப்பு சுத்தம்.

3

இங்கே கெனெஷ் வர வேண்டும். இந்த ஆளைக் கதையில் வைக்கலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அளவுக்கு மீறிப் பேசுகிறான், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை விசைப்பலகையில் துப்புகிறான், கதாபாத்திரத்துக்குரிய ஒரு சோகம்கூடக் கிடையாது. ஆனால் நிலையத்தின் உணரிகளையும் சைரனையும் இயக்கும் நிரலை ஒன்பது வருடத்துக்கு முன்னால் எழுதியவன் அவன்தான். இப்போது அதைப் பராமரிப்பது என் வேலை. எங்கள் மென்பொருள் நிறுவனம் இருவரையும் ஒரே காரில் மலைக்கு அனுப்பியது. ஆகவே இருக்கட்டும்.

கெனெஷ் ஒன்பது வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. அதில் மலையின் படம், உணரிகளின் புள்ளிகள், அம்புகள் எல்லாம் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். கெனெஷ், "திரையை அப்புறம் அழகா செஞ்சு தரேன். இப்போதைக்கு லாக்கையே சுவத்துல ஓட விடுறேன்" என்றான். அந்த 'இப்போதைக்கு' இன்றும் ஓடுகிறது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து என்றால் சாதாரணத் தகவல். மஞ்சள் பட்டை என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் பிழை. ஏழாம் உணரியின் கம்பியை மலை அணில் கடித்தால் மஞ்சள். காற்று பலமாக அடித்தால் மஞ்சள். பிஷ்கெக்கோடு தொடர்பு அறுந்தால் சிவப்பு. நாள் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். புருல்சா அக்கா அதை வானொலி மாதிரிக் கேட்டுக்கொண்டு, இல்லை, பார்த்துக்கொண்டு காலுறை பின்னுவார்.

திரைக்குப் பக்கத்தில் விதிப் பலகை. முப்பத்தொரு விதிகள். ஒன்பதாவது: கணப்பு மேல் காலுறை காயப் போடக் கூடாது. (நான்கு ஜோடி காய்ந்துகொண்டிருந்தன.) பதினான்காவது: கருவிகளிடமிருந்து ஆறு மணி நேரம் தகவல் வராவிட்டால், பணியில் இருப்பவர் சாலையை மூட வேண்டும். இருபதாவது: விருந்தினருக்குத் தேநீர் தரும்போது கிண்ணத்தைக் கருவிகள் மேல் வைக்கக் கூடாது. பலகையைச் சுற்றிப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். நிலையத்தின் வாசலில் பாப்லார் மரங்களின் அடித்தண்டுக்கும் சாலையோரக் கற்களுக்கும் வெள்ளை. திங்கட்கிழமை தலைநகரிலிருந்து ஒரு கமிஷன், அதாவது ஆய்வுக் குழு, வந்துபோயிருந்தது. கமிஷன் வந்தால் இங்கே அடித்தாக வேண்டும். மரம் காய்ச்சலில் கிடந்தாலும் அடிப்பார்கள்.

4

சனிக்கிழமை காலை. கெனெஷ் கணினி முன் உட்கார்ந்து என்னைக் கேட்டான்.

"வட்டு நிரம்பிடுச்சா?"

"பாதி காலி."

"எழுத அனுமதி இருக்கா?"

"இருக்கு. நான் கையால ஒரு வரி எழுதிப் பார்த்தேன், எழுதுது."

"அப்ப உள்ள லாக் எழுதற துணை நிரல் ரெண்டு உக்காந்து சண்டை போடுதா? எவனாவது புதுசா ஒண்ணை இழுத்து விட்டானா?"

"இல்ல. ஒண்ணுதான் இருக்கு."

"அட, நீங்க எல்லாத்தையும் முன்னாடியே பார்த்து வெச்சிருக்கீங்க அண்ணே. என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க, விதை கொறிக்கவா?"

நிரலுக்குப் பக்கத்திலேயே லாக்குக்கான கான்ஃபிக் கோப்பு இருக்கிறது. எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று அதில்தான் சொல்லி வைப்போம். கெனெஷ் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. தகவல், எச்சரிக்கை, பிழை, மூன்றையும் எழுது என்றுதான் இருந்தது. அதை இன்னும் தாராளமாக்கி, மூச்சு விட்டாலும் எழுது என்று மாற்றி, நிரலை நிறுத்தி மறுபடி ஓட விட்டான். திரை வெள்ளையாகவே இருந்தது.

புருல்சா அக்கா தேநீரும் ஒரு தட்டு போர்சோக்கும் கொண்டுவந்தார். மாவை உருட்டிப் பொரித்தது, சூடாக இருந்தது. அன்று அவருக்கு வேலை நாள் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார்.

"என்ன தம்பிங்களா, பேசுச்சா?"

"இன்னும் ஊமையாத்தான் இருக்கு அக்கா" என்றான் கெனெஷ். "வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணும் போல."

(இல்லை. வெற்றிலை பாக்கு என்று அவன் சொல்லவில்லை. ஆடு வெட்டி அழைக்கணும் என்றான். எழுதுகிற வேகத்தில் கை ஊருக்குப் போய்விட்டது.)

கெனெஷ் புகை பிடிக்க வெளியே போனான். அறையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். நான் பேச்சுக்கு ஒன்று கேட்டேன்.

[இங்கே புருல்சா அக்கா ஒரு வரி பேசினார். கதையின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் நீக்கிவிட்டேன்.]

கெனெஷ் திரும்பி வந்தான்.

5

இப்போது ஒரு வித்தை. இதை எங்கள் தொழிலில் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் கண்டுபிடித்திருப்போம். கெனெஷ் அந்த கான்ஃபிக் கோப்பைத் திறந்து, முதல் வரியில், கோப்புக்குச் சற்றும் சம்பந்தமில்லாமல், "கெனெஷுக்குப் பசிக்கிறது" என்று எழுதினான். சேமித்தான். நிரலை மறுபடி ஓட விட்டான்.

கான்ஃபிக்கில் ஒரு புள்ளி தவறினாலும் நிரல் கிளம்பும்போது கத்த வேண்டும். கத்தவில்லை. அமைதியாகக் கிளம்பியது.

"பார்த்தீங்களா அண்ணே? மூஞ்சிக்கு நேரா திட்டறோம், கோவமே வரலை. அப்ப அது நாம பேசறதையே கேக்கலை. வேற எவன் பேச்சையோ கேட்டுட்டிருக்கு."

"அப்படித்தான் இருக்கும்."

"நீங்க ஏன் வேர்த்து ஒழுகறீங்க?"

"கணப்பு."

(இந்த இடத்தில் ஒரு வர்ணனை போடலாம். ஜன்னலுக்கு வெளியே மலை... வேண்டாம்.)

நிரல் கிளம்பும்போது, எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று அதையே சொல்லச் சொல்லும் வசதி உண்டு. ஒரு சொல்லைச் சேர்த்து ஓட விட்டால் போதும். கெனெஷ் சேர்த்தான். பதில் வந்தது. பக்கத்தில் இருக்கும் கோப்பை அது படிக்கவில்லை. துவக்கக் கட்டளையிலேயே யாரோ இன்னொரு கோப்பின் பாதையைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோப்பின் பெயர் 'கமிஷன்'. உள்ளே உருப்படியாக ஒரே சொல்தான். அணை. எல்லாவற்றையும் அணை.

உருவாக்கியது: திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பத்தொன்று. பிஷ்கெக்கிலிருந்து. உருவாக்கியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது.

கெனெஷ் விதை கொறிப்பதை நிறுத்தினான்.

"அண்ணே, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. இந்தத் திரை வெளிச்சம் ஒத்துக்கலை. நான் பெயர் எதுவும் பார்க்கலை."

"கெனெஷ்..."

"பார்க்கலைன்னு சொல்றேன்ல. நான் போய் ஜோல்சுபெக்கோட சமையல்காரிகிட்ட வம்பு பண்ணிட்டு வரேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க."

6

ஐந்தாவது ஆரம்பத்தை முழுதாகத் தருகிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் தொலைபேசி அடித்தது. ஜோல்சுபெக்.

"சபாபெக், ஒன்பது மணிக்கு கமிஷன் உள்ள வருது. மரத்துக்கு அடிச்சாச்சு, கல்லுக்கு அடிச்சாச்சு, என் மாமனாருக்கே சவரம் பண்ணி விட்டாச்சு. இந்தச் சுவரு மட்டும் மஞ்சளும் சிவப்புமா அம்மை போட்ட மாதிரி இருக்கு. அதை வெள்ளையாக்கு."

"அது எச்சரிக்கை அண்ணே. அணில் கடிச்சதும் காத்து அடிச்சதும்தான். பயப்பட ஒண்ணுமில்ல."

"கமிஷனுக்கு அணிலைப் பத்தி யாரு விளக்கறது? நீ வரியா?"

மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் மறைக்க அரைமணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் அணைக்க ஒரே சொல். எனக்கு ஒன்பது மணிக்கு இன்னொரு கூட்டம் இருந்தது. மதியம் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சைரனுக்கும் கட்டைகளுக்கும் இதனால் ஒரு குறையும் வராது. எழுதுவது மட்டும்தான் நிற்கும். கமிஷன், எவ்வளவு சுத்தமான அறை என்று பாராட்டிவிட்டுப் போனதாக ஜோல்சுபெக் மதியம் குறுஞ்செய்தி அனுப்பினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். அத்தோடு மறந்துபோனேன்.

எப்போது நினைவு வந்தது என்று கேட்பீர்கள். கோப்பைக் கண்டுபிடித்தபோது என்று இரண்டு வரைவுகளில் எழுதினேன். பொய். வெள்ளிக்கிழமை, மலையேறும்போது, தொண்ணூற்று நான்காம் கிலோமீட்டரில், கெனெஷ் குருத் என்னும் காய்ந்த தயிர் உருண்டை வாங்க வண்டியை நிறுத்தியபோதே நினைவு வந்துவிட்டது. நான்காம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலும் நாங்கள் தேடியது எல்லாம் உண்மை. ஒவ்வொரு படியும் நடந்தது. ஆனால் நான் தேடவில்லை. தேடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

துப்பறியும் தொடர் எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. குற்றவாளி யார் என்று முதல் வாரமே தெரியும். பதினைந்து வாரம் தெரியாத மாதிரி எழுத வேண்டும்.

துவக்கக் கட்டளையிலிருந்து அந்தப் பாதையை எடுத்தேன். கெனெஷின் பசியையும் அழித்தேன். நிரலை ஓட விட்டேன். சுவரில் வரிகள் கொட்டத் தொடங்கின. ஏழாம் உணரி: மஞ்சள். ஏழாம் உணரி: மஞ்சள். காற்று: மஞ்சள். அடுத்த அறையில் ஜோல்சுபெக் யாரிடமோ, "சரியாயிடுச்சு, எல்லாம் எப்பவும் போல ஓடுது" என்று தொலைபேசியில் சொன்னது கேட்டது.

வியாழக்கிழமை மட்டும் வராது. எழுதாத வரியை எந்தக் கோப்பிலும் தேட முடியாது.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய வெயிலில் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. நிலையத்தின் விருந்தினர் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை பத்து மணிக்கு விசாரணை. ஆசிரியருக்கு முடிவு வேண்டும். கைவசம் மூன்று இருக்கிறது.

முடிவு அ. சபாபதி எழுந்து நிற்கிறான். "ஐயா, திங்கட்கிழமையிலிருந்து அந்தத் திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்தது நான். அணைக்கச் சொன்னது இவர்." 'கமிஷன்' கோப்பைக் காட்டுகிறான். ஜோல்சுபெக், அப்படி நான் சொல்லவே இல்லை என்கிறார். நிறுவனம் சபாபதியை அனுப்பிவிடுகிறது. வேலை இல்லாத வெளிநாட்டுக்காரனுக்குத் தங்கும் அனுமதி முப்பது நாள். பதினெட்டு வருடத்தை மடித்துப் பெட்டியில் வைக்க அது போதும் என்று நினைக்கிறேன். முயன்று பார்த்ததில்லை.

முடிவு ஆ. சபாபதி, "தொழில்நுட்பக் கோளாறு, லாக் கிடைக்கவில்லை" என்கிறான். இந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். சுவரில் மஞ்சள் வரிகள் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். திரை காலியாக இருந்தது என்று யாராவது சொன்னாலும் குழு நம்பாது. ஜோல்சுபெக் தாளை எடுத்து நீட்டுவார். புருல்சா அக்கா—

இதை முடிக்க வரவில்லை.

முடிவு இ. வட்டின் ஏதோ ஒரு மூலையில் வியாழக்கிழமையின் லாக் கிடைக்கிறது. அதில், இரண்டு பத்துக்கு நான்காம் உணரி அதிர்ந்தது என்று இருக்கிறது. யாருக்கும் பங்கமில்லை. எல்லோரும் போர்சோக் சாப்பிடுகிறார்கள். வாரப் பத்திரிகைக்கு இதுதான் பொருத்தம். இதை எழுத எனக்கு இருபது நிமிடம் போதும். ஒரே சிக்கல், இது நடந்திருக்கவே முடியாது என்பது எனக்கு நேற்றே தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இதுவரை சொல்லவில்லை.

'கமிஷன்' கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்க ஒரு விசை போதும். கெனெஷ் எதையும் பார்க்கவில்லை. அவனே சொல்லிவிட்டான்.

நாளை பத்து மணிக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் ஒரு கதையை முடித்துவைக்கச் சொல்லி உங்கள் கையில் கொடுக்கும்போது பாதி வரிகளை அணைத்துவிட்டுக் கொடுப்பது முறையில்லை. அந்தத் தப்பை இந்த வாரம் ஒரு தடவை செய்தாகிவிட்டது.

ஆகவே, நான்காம் பகுதியில் நீக்கியதைத் திரும்ப வைக்கிறேன். சனிக்கிழமை காலை. கெனெஷ் வெளியே போயிருந்தான். சுவரில் திரை வெள்ளையாக இருந்தது. அக்கா என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, கருவிகளிலிருந்து தள்ளி, ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் பேச்சுக்குத்தான் கேட்டேன்: "அன்னிக்கு என்னதான் அக்கா நடந்தது?" அவர் விதிப் பலகையைக்கூடப் பார்க்கவில்லை. திங்கள் முதல் புதன் வரை அந்த மேஜையில் இருந்தவர்கள் அதைப் படித்ததே இல்லை; அவருக்கு அது மனப்பாடம். என்னைத்தான் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாருமே கேக்கலை, நீதான் கேக்கறே, காலையில எட்டு மணிக்கு வந்து உக்காந்தேன், ரெண்டு மணி வரைக்கும் அந்தச் சுவத்துல ஒரு வரி வரலை, மலைக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டு, இன்னும் பத்து நிமிஷம் கூடவே பொறுத்துப் பார்த்துட்டு, நான்தான் தம்பி அமுக்கினேன்."